நீரிழிவின் நிழலில் மறையும் தைராய்டுக் குறைவு

ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால், அந்த நோயாளியிடம் பின்னர்த் தோன்றும் துன்பங்கள் அனைத்தையும் அப்பெயரின் கணக்கிலேயே எழுதிவிடுவது நெடுநாளைய வழக்கம். இந்திய நாட்டில் இன்று நீரிழிவு அத்தகைய பெயராக விளங்குகிறது. சிற்றூரில் வாழும் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு நீரிழிவு உண்டென்பது மூன்று ஆண்டுகளுக்கு முன் தெரிந்தது. மாத்திரை உட்கொண்டு வருகிறார். ஓராண்டாக உடலில் ஓயாத அசதி. உணவைக் குறைத்தும் எடை கூடுகிறது. மலச்சிக்கல் நீங்கவில்லை. தலைமயிர் உதிர்கிறது. பிறர் விசிறியைத் தேடும் வேளையில் அவர் போர்வையைத் தேடுகிறார். மாதவிடாய்ப் போக்கு மிகுந்துள்ளது. இவற்றையெல்லாம் கேட்ட அண்டை வீட்டார், "சர்க்கரைதான் காரணம்" என்கின்றனர். கணவரும் அவ்வாறே கருதுகிறார். சுகாதார நிலையத்திலும் பெரும்பாலும் அதே விடைதான் கிடைக்கிறது. இரத்தச் சர்க்கரை ஓரளவு அடங்கியிருந்தாலோ, "வயதாகிறது அன்றோ" என்னும் இரண்டாம் விடை காத்திருக்கிறது. இவ்விரண்டு விடைகளுக்கும் இடையே தைராய்டு என்னும் சொல் எவர் வாயிலும் வருவதில்லை.

மேற்கூறிய குறிகள் யாவும் தைராய்டுச் சுரப்பி மந்தமாக வேலை செய்யும்போது தோன்றுபவை. அவற்றுள் அசதி நீரிழிவுக்கும் உரியது. எடைக் கூடுதல், மயிர் உதிர்தல் ஆகியவை வேறு பல காரணங்களாலும் உண்டாகலாம். ஆகவே குறிகளைக் கண்ட மாத்திரத்தில் தைராய்டுக் குறைவு என்று எவரும் முடிவு கட்டிவிட இயலாது. ஆனால், ஐயம் எழ வேண்டும். அந்த ஐயம் எழாமற் போவதே இங்குள்ள குறை. நீரிழிவுள்ள பெண்களைப் பொறுத்தமட்டில், தைராய்டுச் சோதனை ஒன்று நோய் தெரிந்த காலத்திலேயே செய்யப்படுவதும், பின்னர்த் தக்க அறிகுறி தோன்றும்போது மீண்டும் செய்யப்படுவதும் பொதுச் சுகாதாரப் பணியின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

தைராய்டுச் சுரப்பி முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருக்கிறது. அயோடினைக் கொண்டு அது ஆக்கும் ஹார்மோன், உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஆற்றல் செலவாகும் வேகத்தை நிர்ணயிக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஒன்றை அனுப்பி அதனை மேற்பார்வை செய்கிறது. தைராய்டு சோர்ந்தால் பிட்யூட்டரி அதட்டும். தைராய்டு அளவுக்கு மீறி உழைத்தால் பிட்யூட்டரி அடங்கிவிடும். இந்தத் தூண்டு ஹார்மோனையே ஆய்வுக்கூடங்கள் டி.எஸ்.எச். என்று குறிக்கின்றன. இதன் அளவு உயர்ந்திருந்தால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். அளவு ஏறினால் சுரப்புக் குறைவு, இறங்கினால் சுரப்பு மிகுதி என்னும் இந்தத் தலைகீழ்க் கணக்கு, சோதனைத் தாளைக் கையில் வாங்கும் மக்களைப் பெரிதும் குழப்புகிறது. களப்பணியாளர் இதனை ஒருமுறை விளக்கிவிட்டால் பல வீண் அச்சங்கள் அகலும்.

தைராய்டுக் குறைவுக்கான மருத்துவம் இன்சுலினைக் காட்டிலும் மூத்தது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், முற்றிய தைராய்டுக் குறைவால் முகமும் உடலும் ஊதிப் போயிருந்த பெண்மணி ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அப்பெண்மணி அதன் பின்னர் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1914-இல் எட்வர்டு கெண்டல் அமெரிக்காவில் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டறிந்தது 1921-இல்தான். இன்று லெவோதைராக்சின் மாத்திரை விலை மலிவானது. தேசிய இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இடம் பெற்றிருப்பது. நோய்க்கு மருந்தில்லாமல் மக்கள் வருந்துவது ஒரு வகை. மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் நோய் இன்னதென்று எவரும் அறியாமையால் வருந்துவது வேறு வகை. தைராய்டுக் குறைவு இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நீரிழிவுள்ள பெண்களிடம் இந்நோய் அடிக்கடி காணப்படுவதற்குக் காரணம் யாது? இங்கு இருவகை நீரிழிவையும் பிரித்தறிதல் வேண்டும். பெரும்பாலும் இளமையில் தோன்றி, இன்சுலின் இன்றி உயிர்வாழ இயலாத முதல் வகை நீரிழிவு, உடலின் காப்பு அமைப்பு தன் கணையத்தையே பகையெனக் கருதித் தாக்குவதால் விளைவது. தைராய்டுக் குறைவின் முதன்மையான காரணங்களுள் ஒன்றும் இத்தகைய தன்னுடல் தாக்குதலே. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் தைராய்டின் இந்நிலையை விவரித்தார். அதன் உட்காரணம் அப்பொழுது விளங்கவில்லை. 1956-இல் லண்டனில் ராய்ட், டெபோரா டோனியாக் முதலியோர், அந்நோயாளிகளின் இரத்தத்தில் அவர்களுடைய தைராய்டுப் பொருளையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினர். அதே டோனியாக் அம்மையார், 1974-இல் பொட்டாட்சோ முதலியோருடன் சேர்ந்து, கணையத் திட்டுகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை நீரிழிவு நோயாளிகளிடம் கண்டறிந்து வெளியிட்டார். அந்நோயாளிகள் நீரிழிவோடு வேறு சுரப்பிகளிலும் தன்னுடல் தாக்கு நோய் கொண்டவர்கள். தைராய்டில் தொடங்கிய ஆராய்ச்சி கணையத்தில் வந்து நின்றது தற்செயல் அன்று. இரு நோய்களுக்கும் வேர் அருகருகே உள்ளது. எனவேதான் முதல் வகை நீரிழிவு தெரிந்தவுடன் தைராய்டையும் சோதிக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறியாயிற்று.

நடுவயதில் தோன்றும் இரண்டாம் வகை நீரிழிவின் நிலை சற்று வேறு. இங்குத் தன்னுடல் தாக்குதல் என்னும் பொதுவேர் இல்லை. இரண்டு நோய்களும் நாட்டில் மிகப் பரவியிருப்பதாலும், இரண்டும் வயது ஏற ஏறப் பெருகுவதாலும், ஒரே உடலில் சந்தித்துக்கொள்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்த பேராய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடி. சென்னை உட்பட 8 நகரங்களில் 5,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் 100-க்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டுக் குறைவு இருப்பதைக் காட்டிற்று. ஆண்களில் 100-க்கு 5 என்றிருந்த அளவு, பெண்களில் 16-ஐ நெருங்கியது. குறைவு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், சோதிக்கப்படும் வரை தம் நோயை அறியாமலே இருந்தனர். அது நகரங்களின் கணக்கு. ஆய்வுக்கூடம் எட்டாத ஊர்களில் அறியாதார் தொகை குறைவாயிருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

இரண்டாம் வகையில் இந்தச் சேர்க்கை தற்செயலானதே என்று வாதிட்டு, அதனால் கவலை வேண்டா என்று முடிப்பாரும் உளர். தற்செயலாகச் சேர்ந்தாலும் இரு நோய்களும் ஒன்றையொன்று சும்மா விடுவதில்லை. தைராய்டு குறைந்தால் குடல் குளுக்கோஸை மெல்ல உறிஞ்சுகிறது. கல்லீரல் குறைவான குளுக்கோஸை வெளியிடுகிறது. உடலில் செலுத்திய இன்சுலின் கழிவதற்குக் காலம் நீள்கிறது. ஆகவே நேற்று வரை பொருந்திய இன்சுலின் அளவு இன்று மிகையாகிவிடுகிறது. உணவும் ஊசியும் மாறாமல் இருக்க, அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருமாயின், நோயாளி பட்டினி கிடந்தார் என்று மட்டும் கருதிக் கடிந்துகொள்ளுதல் முறையன்று. தைராய்டையும் நினைக்க வேண்டும். பின்னர் மாத்திரை தொடங்கித் தைராய்டு நேராகும்போது இன்சுலின் தேவை உயரவும் கூடும். அப்பொழுது, "தைராய்டு மாத்திரையால் சர்க்கரை கூடிவிட்டது" என்று சொல்லி நோயாளி அதனை நிறுத்திவிடுவது உண்டு.

கொழுப்பின் செய்தி இன்னும் முக்கியமானது. தைராய்டுக் குறைவு இரத்தத்தில் தீய கொழுப்பைப் பெருக்குகிறது. நீரிழிவோ இதய நாளங்களை ஏற்கெனவே தாக்கிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை தருகிறார். தைராய்டுக் குறைவு கண்டறியப்படாதிருப்பின், அம்மாத்திரையால் தசைவலி உண்டாகும் வாய்ப்பு மிகுகிறது. வலி பொறாமல் நோயாளி அதனை நிறுத்துகிறார். கொழுப்பு மீண்டும் ஏறுகிறது. சிறுநீரகச் சோதனையில் கிரியேட்டினின் உயர்ந்து காணப்படுவதும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி சோதனை உண்மைக்கு மேலாகக் காட்டுவதும் தைராய்டுக் குறைவில் நிகழக்கூடியவை. இரத்தச்சோகையும் உடனிருந்தால் அந்தச் சராசரி மேலும் பிசகலாம். இவ்வாறு நீரிழிவு மருத்துவம் சார்ந்து நிற்கும் அளவைகள் பலவற்றையும் ஒரு சிறு சுரப்பி கோணலாக்கிவிடுகிறது.

சுரப்பு மிகுதி இதற்கு நேர்மாறு. பெண்களிடம் அது அத்துணை பரவலன்று. ஆயினும் நன்றாக உண்டும் உடல் மெலிதல், படபடப்பு, கை நடுக்கம், காரணமின்றிச் சர்க்கரை எகிறுதல் ஆகியவை கூடி வரும்போது, "சர்க்கரை அடங்கவில்லை" என்று மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போவது ஆபத்து. முதியோரில் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவதே அதன் முதற்குறியாக அமைதலும் உண்டு.

களப்பணியாளர் பலருக்குத் தைராய்டு என்றவுடன் நினைவுக்கு வருவது கழுத்துக் கழலையும் அயோடின் உப்புமே. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1956-இல் தொடங்கி இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வில், அயோடின் சேர்த்த உப்பு வழங்கிய பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. அதன் பயனாக 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. இந்தியப் பொதுச் சுகாதாரத்தின் பெருமைமிக்க பணிகளுள் அஃது ஒன்று. ஆனால், அயோடின் கிடைக்கும் ஊரில் இன்று காணப்படும் தைராய்டுக் குறைவில் பெரும்பகுதி தன்னுடல் தாக்குதலால் வருவது. அதில் கழுத்து வீங்கியே தீர வேண்டும் என்பதில்லை. சுரப்பி சுருங்கிப் போயிருக்கவும் கூடும். கழுத்தைப் பார்த்து வீக்கம் இல்லையென்று எழுதி அடுத்த வீட்டுக்குச் செல்வதால் பயனில்லை. மற்றொரு தவறும் பரவி வருகிறது. தைராய்டு நோய்க்கு அயோடின் உப்பே காரணம் என்று கேள்விப்பட்டுச் சிலர் அதனைக் கைவிடுகின்றனர். குடும்பத்திலுள்ள கருவுற்ற பெண்ணும் குழந்தைகளும் அதனால் அடையும் தீங்கு பெரிது. அயோடின் உப்பு தொடரட்டும். ஆனால், அழிந்துபோன சுரப்பியை அவ்வுப்பு மீட்டுத் தரும் என்று எவருக்கும் வாக்களிக்க வேண்டா. முட்டைக்கோசை விலக்கும் வழக்கமும் அத்தகையதே. போதிய அயோடின் உண்போர் சமைத்த முட்டைக்கோசை அளவாக உண்பதில் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை.

இனித் திட்டங்களின் நிலையை நோக்கலாம். 2017 முதல் நடைபெறும் மக்கள்தொகை வழிச் சோதனையில், 30 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய்ப் புற்று ஆகியவை பார்க்கப்படுகின்றன. பெண்களுக்கு மார்பகப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் கூடுதலாகப் பார்க்கப்படுகின்றன. ஆஷா பணியாளர் வீடு தேடிச் சென்று இடுப்புச் சுற்றளவு, புகையிலைப் பழக்கம், குடும்பத்தில் நோய் உண்டா என்பனவற்றைப் படிவத்தில் நிரப்புகிறார். இத்துணை விரிவான ஏற்பாட்டில் தைராய்டு இடம் பெறவில்லை. எல்லோருக்கும் அதனைச் சோதிக்க வேண்டும் என்பது இங்குக் கோரிக்கை அன்று. கோடிக்கணக்கானோரிடம் இரத்தம் எடுத்து, எல்லைக்கோட்டில் நிற்கும் எண்களைக் கண்டு அஞ்சி, தேவையற்றோர்க்கு ஆயுள் முழுதும் மாத்திரை தருவது நாட்டுக்கு நன்மை செய்யாது. ஆனால், நீரிழிவு என்று கண்டறியப்பட்ட பெண்களின் தொகுதி வரையறை உடையது. அவர்களுக்கு எப்படியும் கொழுப்பு, சிறுநீரகம் ஆகியவற்றுக்காக இரத்தம் எடுக்கப்படுகிறது. அதே ஊசியில், அதே நாளில் டி.எஸ்.எச். சோதனைக்கும் சேர்த்து எடுக்கலாம். அதற்கெனத் தனியே வெறும் வயிற்றில் வர வேண்டுவதில்லை. விரல் நுனித் துளியில் சர்க்கரை பார்ப்பதைப் போல ஊரிலேயே முடிக்கத்தக்க சோதனை அன்று என்பது உண்மை. மாதிரியை மேல்நிலை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, முடிவை நோயாளியின் கைக்குத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். அந்த இரண்டாம் பாதியே பெரும்பாலும் நின்றுபோவது.

மறுதரப்பாரின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதனை ஒதுக்கிவிடலாகாது. டி.எஸ்.எச். சற்றே உயர்ந்து, தைராக்சின் அளவு இயல்பாகவே இருக்கும் நிலையை மறைநிலைக் குறைவு என்பர். 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வொன்று 2017-இல் வெளியாயிற்று. இத்தகையோருக்கு லெவோதைராக்சின் தந்தும் அசதி முதலிய குறிகளில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. ஆகவே சோதிப்பது வேறு, மருந்து தொடங்குவது வேறு. மறைநிலைக் குறைவு கண்டவர்களுக்குச் சில வாரங்கள் கழித்து மறுசோதனை செய்து, டி.எஸ்.எச். 10-க்கு மேல் நிலைத்திருக்கிறதா, வயது என்ன, கருவுறும் எண்ணம் உண்டா என்பனவற்றையெல்லாம் மருத்துவர் சீர்தூக்கியே முடிவு செய்வார். முதியவருக்கு மாத்திரை மிகையானால் இதயத் துடிப்பு கெடும்; எலும்பு தேயும். இவ்வாதம் சோதனைக்கு எதிரானது என்று கொள்வதைக் காட்டிலும், மருந்து எழுதும் கைக்கு விடுக்கும் எச்சரிக்கை என்று கொள்வதே பொருந்தும்.

கருவுற்ற பெண்களிடம் இந்தத் தயக்கத்திற்கு இடமே இல்லை. கருவின் தைராய்டு வேலையைத் தொடங்கும் வரை, ஏறத்தாழ முதல் 12 வாரங்கள், குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனே முழு ஆதாரம். முதல் வகை நீரிழிவுள்ள பெண் கருவுற எண்ணும் காலத்திலேயே சோதிக்கப்படுதல் நன்று. ஏற்கெனவே மாத்திரை உண்பவர், கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரை அணுகி அளவை உயர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்த முறைப்படியான வருகை வரை காத்திருப்பதால் மதிப்புள்ள வாரங்கள் வீணாகும். மகப்பேற்றுக்குப் பின் தைராய்டு அழற்சி தோன்றும் வாய்ப்பு, முதல் வகை நீரிழிவுள்ள தாய்மாரிடம் பிறரைக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்கு. முதலில் படபடப்பு, பின்னர்ச் சோர்வும் மனவாட்டமும். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் கூறுவதை நம்பி மாதங்கள் கழிந்துவிடுகின்றன. கருப்பகால நீரிழிவைக் கண்டறிய, ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் தந்து இருமுறை சோதிக்க வேண்டும் என்று மைய அரசின் வழிகாட்டு நெறி கூறுகிறது. தைராய்டுக்கோ, 2014-ஆம் ஆண்டின் நெறி ஆபத்து மிகுந்த பெண்களை மட்டும் தேர்ந்து சோதிக்கச் சொல்கிறது. தேர்ந்தெடுப்பது யார்? முதன்முதலில் அப்பெண்ணிடம் கேள்வி கேட்கும் துணைச் செவிலியரே. அவர் கேட்க மறந்தால் நெறி ஏட்டில்தான் இருக்கும்.

இங்கே மாத்திரைகளின் மோதல் ஒன்றைப் பற்றி விரித்துரைப்பது தகும். ஏனெனில் இதனைச் சரி செய்ய ஆய்வுக்கூடமும் வேண்டா, பணமும் வேண்டா. லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் விழுங்க வேண்டிய மருந்து. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குடலில் அதனைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவொட்டாமல் தடுத்துவிடுகின்றன. கருவுற்ற பெண்ணுக்கு 60 மில்லிகிராம் இரும்பு கொண்ட மாத்திரை நாள்தோறும், சுண்ணாம்புச்சத்து மாத்திரை நாளுக்கு இருமுறை என்று அரசே வழங்குகிறது. நினைவில் நிற்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் அப்பெண் எல்லாவற்றையும் காலையில் ஒரே கைப்பிடியாக விழுங்குகிறார். மருத்துவர் அளவை ஏற்றிக்கொண்டே போகிறார், டி.எஸ்.எச். இறங்குவதாயில்லை. மாத்திரை தரமற்றது என்றோ, நோயாளி பொய் சொல்கிறார் என்றோ ஐயம் எழுகிறது. உண்மையில் நேர்ந்தது, மூன்று மாத்திரைகளும் ஒரே வேளையில் சந்தித்தது மட்டுமே. விடியலில் எழுந்தவுடன் தைராய்டு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரும் சிற்றுண்டியும், பகல் உணவுடன் ஒரு சுண்ணாம்பு மாத்திரை, மாலையில் இரும்பு, இரவு உணவுடன் இரண்டாம் சுண்ணாம்பு. இப்படிப் பிரித்தால் தைராய்டு மாத்திரைக்கும் ஏனையவற்றுக்கும் வேண்டிய 4 மணி இடைவெளி கிட்டும். இரும்பையும் சுண்ணாம்பையும் ஒன்றாக உண்ணலாகாது என்பதைக் களப்பணியாளர் முன்பே கற்பித்து வருகின்றனர். அதனோடு இந்த மூன்றாவதையும் சேர்த்தல் எளிது. கருவுறாத பெண்களும், மூட்டுவலிக்கெனத் தாமே வாங்கும் சுண்ணாம்பு மாத்திரையில் இதே பிழையைச் செய்கின்றனர்.

ஆசிரியர்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். முதல் வகை நீரிழிவுள்ள மாணவி வகுப்பில் இருப்பின், அவளை நாள்தோறும் பார்ப்பவர், பெற்றோருக்கு அடுத்தபடியாக, ஆசிரியரே. சென்ற ஆண்டு உடன் நின்ற தோழியர் எல்லோரும் உயர, அவள் மட்டும் அதே உயரத்தில் நிற்கிறாள். எழுத்து மந்தமாகிறது, குரல் கம்முகிறது, பிற்பகலில் தூங்கி விழுகிறாள், பூப்பெய்தும் பருவம் தள்ளிப்போகிறது. இவற்றை ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளையின் இயல்பான நலிவு என்று இரங்கி விட்டுவிடுதல் அன்பாகத் தோன்றினும் உதவியாகாது. ஆண்டுக்கு இருமுறை உயரத்தை அளந்து ஏட்டில் குறித்து வைத்து, வளர்ச்சி நின்றுள்ளதைப் பெற்றோரிடம் எண்களோடு காட்டுதல் வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் அந்த ஏட்டை எடுத்து நீட்டினால், பல நிமிட விசாரணை மிச்சமாகும். மதிப்பெண் குறைந்ததற்காக அம்மாணவியைத் தண்டிப்பதற்கு முன் இரத்தம் ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும் என்பதைத் தலைமையாசிரியர்கள் ஏற்றுக்கொண்டால் நலம்.

களப்பணியாளர் வீடுகளில் கேட்கும் கேள்வியும் சற்று மாற வேண்டும். "உடம்புக்கு என்ன?" என்றால் "சர்க்கரை" என்றே விடை வரும். ஓராண்டில் எடை எவ்வளவு ஏறிற்று, மலம் எத்தனை நாளுக்கொருமுறை கழிகிறது, குளிர் முன்னைவிடத் தாங்க முடியவில்லையா, குடும்பத்தில் எவரேனும் தைராய்டு மாத்திரை உண்கின்றனரா என்று தனித்தனியே கேட்டால் வேறு விடைகள் கிடைக்கும். மயிர் உதிர்வுக்குக் கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கி உண்கிறாரா என்றும் கேட்டறிதல் நலம். அம்மாத்திரை பல ஆய்வுக்கூட முறைகளில் தைராய்டு எண்களைப் பிசகச் செய்யும். குறைவாக உள்ள சுரப்பை மிகுதியெனக் காட்டவும் கூடும். குறைந்தது 2 நாள் அதனை நிறுத்திய பின்னரே இரத்தம் கொடுத்தல் வேண்டும்.

மாத்திரை தொடங்கியபின் 6 முதல் 8 வாரம் கழித்து மறுசோதனை; எண் நேரானபின் ஆண்டுக்கொருமுறை போதும். இடர் வருவது அந்த எண் நேரானபோதுதான். தாளில் "இயல்பு" என்று கண்டவுடன் நோய் தீர்ந்ததாக எண்ணி மாத்திரையை நிறுத்துவோர் பலர். குறி திரும்பத் தோன்றுவதற்குச் சில வாரங்கள் ஆவதால், நிறுத்தியதற்கும் அசதிக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்கு விளங்குவதில்லை. பழி மறுபடியும் சர்க்கரையின் மேலேயே விழுகிறது. நீரிழிவு மாத்திரையை மாதந்தோறும் வாங்க வரும் பெண்ணுக்குத் தைராய்டு மாத்திரையும் அதே நாளில், அதே சாளரத்தில் கிடைக்குமாறு செய்தல் நிர்வாகத்தின் கடமை. ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மற்றொன்றைத் தொலைவிலுள்ள மருத்துவமனையிலும் வாங்கச் சொன்னால், பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் எண்ணி அவர் கைவிடப்போவது எதை என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டா. அதுவரை, வீட்டுக்குச் செல்லும் பணியாளர் சர்க்கரை எண்ணைக் கேட்டுக் குறித்த கையோடு, தைராய்டு மாத்திரை அட்டையையும் எடுத்து வரச் சொல்லி, அதில் மீதி எத்தனை உள்ளன என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருதல் வேண்டும்.